அயர்லாந்துக் கரையில் ஈட்டி மீன்பிடிப்பு: வெதுநீரில் பழகியவர் மாற்றிக்கொள்ள வேண்டியவை

கேள்வி இது: வெப்பக் கடல்களில் மூச்சடக்கி 15 மீட்டர் வரை இறங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்துப் பழகியவர் வேலைக்காக அயர்லாந்தின் கார்க் நகருக்கு வந்திருக்கிறார். அங்கே கடலில் இறங்க எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும், எங்கே போகலாம், கடலுக்குள் எதிர்ப்படுபவை என்னென்ன?

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் 15 மீட்டர் இங்கே தேவைக்கு அதிகம். அயர்லாந்தில் கரையிலிருந்து இறங்குபவர்களுக்கு மீன் பெரும்பாலும் 4 முதல் 12 மீட்டருக்குள் கிடைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ஆளைக் கொல்வது ஆழம் இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீளலை, குளிர், கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு, இந்த மூன்றும்தான். அதனால் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உயரத்துக்குப் பக்கத்தில் வினாடியில் ஒரு எண் இருக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அது. ஆழ்கடலில் அலையின் நீளம், அந்த வினாடியின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் வருவது. 5 வினாடிக் காற்றலைக்கு நீளம் 39 மீட்டர். 14 வினாடி நீளலைக்கு 300 மீட்டருக்கு மேல். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். ஆக, 5 வினாடி அலை மேலே சலசலத்தாலும் 10 மீட்டர் அடியில் பாதிக்கும் கீழாகத் தேய்ந்துவிடும். 14 வினாடி அலையோ மேலே மெத்தென்று தெரியும். அடியில் உங்களையும் பாசியையும் சேர்த்து மூன்று மீட்டர் முன்னும் பின்னும் இழுக்கும், பாறைமேல் ஏறும்போது சுவராக எழும்பும். ஒரே 1.5 மீட்டர் உயரம்தான், ஆனால் 7 வினாடியில் வருவதைவிட 14 வினாடியில் வருவது இரு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது.

என் கணக்கு இப்படி: மேற்குக் கரையின் திறந்த பாறை முனைகளுக்கு, அலை 1 மீட்டருக்குள்ளும் இடைவெளி 10 வினாடிக்குள்ளும் இருந்தால் போகலாம். 1.5 மீட்டர், 12 வினாடி என்றால் குடாவுக்குள் ஒதுங்க வேண்டும். அதற்கு மேலே போனால் வேறு வேலை பார்க்கலாம். அயர்லாந்தின் வானிலைத் துறையான மெட் ஏரன் வெளியிடும் கடற்பகுதி அறிவிப்பில் காற்று பியூஃபோர்ட் அளவில் 4ஆம் விசைக்கு மேல் போனாலும் அப்படியே. மேற்குக் கரையில் கிழக்குக் காற்று அடிக்கும் நாள் தனி ரகம். கடல் கண்ணாடிபோல் படுத்திருக்கும், ஆசை வரும். அதே காற்றுதான் உங்கள் மிதவையையும் உங்களையும் வெளிக்கடலுக்குத் தள்ளும். அன்றைக்குக் கரையை ஒட்டியே நீந்துங்கள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நீர்மூழ்கும் சூட்டை மாட்டாமல் 20 நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் பத்து நிமிடம்கூட அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் இறங்கியவர்தான் ஏறும்போது மாட்டிக்கொள்வார். எங்கே இறங்குவது என்பதற்கு முன்னால் எங்கே ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். அந்த இடம் கெட்டால் ஏறுவதற்கு இன்னொரு இடமும் வேண்டும்.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையும், பார்த்தாக வேண்டும். கால்வே பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4.5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும்; கிழக்கே கோர்ட்டவுன் பக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆறு மணி நேரத்தில் நீர் ஏறுவதைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 என்று பிரியும். 4.8 மீட்டர் வித்தியாசம் உள்ள நாளில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 2.4 மீட்டர். முனைகளில் நீரோட்டம் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். ஹூக் ஹெட் போன்ற முனைகளில் ஓதம் திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதுமென்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் ஓதத்தின் கடைசி இரண்டு மணி நேரம் பொதுவாக நல்லது: வெளியிலிருந்து தெளிந்த நீர் உள்ளே வருகிறது, மீனும் கூடவே வருகிறது. பழகும்வரை அஷ்டமியை ஒட்டிய நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓதம் சிறியது, இழுப்பும் குறைவு.

கார்க்கிலிருந்து உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம் மேற்குக் கார்க்: பால்டிமோர், ஷெர்கின் தீவு, மிசன் முனைக்கு முன்னால் உள்ள குடாக்கள், பியாரா தீபகற்பம். கெரியில் டெரினேன், வாலென்ஷியா, டிங்கிள். வடக்கே போனால் கிளேரின் கில்கீ, கனமாராவில் ரென்வைல், மேயோவில் அக்கில், டோனகாலில் செயின்ட் ஜான்ஸ் பாயின்ட். இங்கெல்லாம் நல்ல நாளில் 8 முதல் 15 மீட்டர் வரை கண் எட்டும். ஐரிஷ் கடல் பக்கம், அதாவது டப்ளின், விக்லோ கரைகளில், 2, 3 மீட்டர் தெளிவு கிடைத்தாலே மகிழ வேண்டியதுதான். மேற்குக் கார்க்கிலேயே உள்ள லாக் ஹைன் உப்பேரிக்குத் துப்பாக்கியோடு போகாதீர்கள். 1981 முதல் அது கடல் உயிர்க் காப்பகம். வடக்கு அயர்லாந்துக்குள் போனால் சட்டமே வேறு. அங்கே ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக் வாய்க்காலில் நீரோட்டம் 7, 8 நாட் (மணிக்கு 13 முதல் 15 கி.மீ.) வரை ஓடும், அந்தப் பக்கம் இறங்கும் எண்ணமே வேண்டாம்.

பருவம் ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை. மே மாதத்தில் நுண்ணுயிர்ப் பாசி பூத்து நீர் பச்சைக் குழம்பாகிவிடும். தெற்கில் ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் 16, 17 டிகிரியைத் தொடும். குளிர்கால இறுதியில் 8, 9.

இந்த வெப்பநிலைக்கு உங்கள் 3 மி.மீ. சூட் உதவாது. கோடைக்கு 5 மி.மீ., மற்ற மாதங்களுக்கு 7 மி.மீ., இரண்டு துண்டாக, தலையுறை மேல்சட்டையோடு ஒட்டியது, உள்பக்கம் துணி இல்லாத திறந்த நியோப்ரீன் என்னும் நுரை ரப்பர். அது தோலோடு ஒட்டிக்கொள்வதால்தான் சூடு தங்குகிறது. அதனாலேயே வறட்டென்று மாட்டினால் கிழியும். தலைக்குப் பூசும் கண்டிஷனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெந்நீரில் கலக்கி உள்ளே ஊற்றிக் குலுக்கிவிட்டு மாட்டுங்கள். அந்த வெந்நீர் இன்னொரு வேலையும் செய்யும்: குளிர்ந்த நீர் முதுகில் இறங்கும்போது மூச்சு தானாக இழுத்துக்கொள்ளுமே, அதை வெகுவாகக் குறைத்துவிடும். கைக்கும் காலுக்கும் 3 முதல் 5 மி.மீ.

சூட் தடித்தால், மிதக்காமல் இறங்க இடுப்பு பெல்ட்டில் கட்டும் ஈயமும் கூடும். 3 மி.மீ. சூட்டில் 3 கிலோ கட்டியவருக்கு 7 மி.மீ. சூட்டில் 8, 9 கிலோ தேவைப்படுவது சகஜம். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் சோதித்துக்கொள்ளுங்கள். மேலே செங்குத்தாக, கால் அசைக்காமல் நின்று, பெருமூச்சு விடுவதுபோல் காற்றை இயல்பாக வெளியே விடுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் சரி. தலை மூழ்கினால் ஈயம் அதிகம். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகி நியோப்ரீன் நசுங்கும், மிதக்கும் தன்மை ஏறக்குறைய பாதி போய்விடும். மேலே சரியாக இருந்தவர் அடியில் கல்லாகிவிடுவார். 5 மீட்டரில் பாசிக்குள் அசையாமல் படுக்க வேண்டுமென்று 2 கிலோ கூட்டிக் கட்டிக்கொண்டு, பிறகு அதே பெல்ட்டோடு 12 மீட்டர் விளிம்புக்குப் போவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு. பெல்ட் ரப்பராக, ஒரே இழுப்பில் கழலும் கொக்கியோடு இருக்கட்டும்.

துப்பாக்கி விஷயத்தில் செலவு மிச்சம். நீலக் கடலுக்கென்று வாங்கிய 110, 120 செ.மீ. துப்பாக்கியை வீட்டில் வையுங்கள். பாசிக்குள் அதைத் திருப்ப முடியாது, 5 மீட்டர் தெளிவில் அதன் வீச்சும் வீண். 75 அல்லது 90 செ.மீ., 6.5 மி.மீ. தண்டு, ஒற்றைக் கொண்டி, ஒரு 16 மி.மீ. ரப்பர் போதும். விறைத்த கைக்கு இரண்டாவது ரப்பரை இழுத்து மாட்டுவது பெரும்பாடு. மார்பில் குஷன் வைத்து, இரு கையாலும் ஒரே சீராக இழுங்கள். ஒரு கை முந்தினால் தண்டின் பள்ளத்திலிருந்து ரப்பரின் மாட்டுக் கம்பி நழுவி விரலைப் பதம்பார்க்கும். நீருக்கு வெளியே துப்பாக்கியை ஒருபோதும் ஏற்றாதீர்கள். விரலால் கம்பியை மாட்ட முடியவில்லை என்றால் அது குளிர் சொல்லும் செய்தி. கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது.

ஆரஞ்சு நிற மிதவை, அதில் நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி, 20 மீட்டர் மிதக்கும் கயிறு. விசைப்படகுக்காரர் உங்கள் தலையைப் பார்க்க மாட்டார், கொடியைத்தான் பார்ப்பார். கயிறு பாசித் தண்டுகளில் சுற்றும். அது நடந்தால் புரண்டு திரும்பாதீர்கள், புரண்டால் இன்னும் இரண்டு சுற்று கூடும். வந்த வழியே பின்வாங்கி நேரே மேலே ஏறுங்கள். சிக்கல் விடாவிட்டால் துப்பாக்கியை விட்டுவிட்டு வாருங்கள், மிதவை அதைக் காட்டிக்கொடுக்கும். கத்தி காலில் வேண்டாம், பாசி அதில்தான் முதலில் மாட்டும். பெல்ட்டிலோ முன்கையிலோ கட்டுங்கள்.

இனி மீன். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது முதலில் பொல்லாக். கெல்ப் காடு முடிந்து மணலோ வெளிப்பாறையோ தொடங்கும் விளிம்பில், பாசியின் தலைக்குச் சற்று மேலே, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். துரத்தினால் கிடைக்காது. சத்தமில்லாமல் இறங்கி, பாசித் தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இலைகளுக்குள் உடலை மறைத்துப் படுங்கள். பத்துப் பதினைந்து வினாடி. முதலில் குஞ்சுகள் வரும், பிறகு பழுப்பும் பொன்னுமாய் ஒரு பெரிய விலா பக்கவாட்டில் திரும்பி உங்களைப் பார்க்கும். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்தால் விலகிவிடும். தலையைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மீன் முழுப் பக்கத்தையும் காட்டும்வரை பொறுத்து, இரண்டு மீட்டருக்குள், செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், பக்கக்கோட்டின் மேல் அடியுங்கள். வயிற்றில் அடித்தால் சதை மென்மையானது, கிழித்துக்கொண்டு ஓடிவிடும்.

மணல் திட்டுகளில் பிளேஸ், டர்பட் போன்ற தட்டை மீன்கள். மீனைத் தேடாதீர்கள், மணலில் விளிம்புக்கோடும் இரண்டு கண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் மேலிருந்து குத்தி, மணலோடு அழுத்திப் பிடித்து, கையை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். மடவை நம்மூர் மடவைக்கு உறவுதான், அதே மிரட்சி. துறைமுகத்துக்குள்ளும் கழிவுநீர் வாயிலும் நிற்பதைத் தொடாதீர்கள்.

பாலன் ராஸ் எளிதாகக் கிடைக்கும், அதனாலேயே விட்டுவிடச் சொல்கிறேன். எல்லாம் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தவற்றில் சில மட்டுமே ஆணாக மாறும் மீன் அது. இருபது ஆண்டுக்கு மேல் வாழும், மிக மெதுவாக வளரும். ஒரு பாறையின் பெரிய ராஸை எடுத்தால் அந்த இடம் பல ஆண்டுக்கு வெறிச்சோடும். சுவையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

சட்டத்துக்கு வருவோம். ஆற்றிலும் ஏரியிலும் ஈட்டி கூடாது. சால்மன், கடல் டிரவுட் இரண்டையும் கடலிலும் தொடக்கூடாது. சிங்கிறால், நண்டு, சிப்பி வகைகளை மூழ்கி எடுப்பதும் தடை. பிடித்த மீனை விற்கக்கூடாது. பாஸ் மீனை வணிகத்துக்குப் பிடிப்பது 1990 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்குக்குக் குறைந்தபட்ச அளவு 42 செ.மீ.; நாளொன்றுக்கு எத்தனை, எந்த மாதங்கள் என்பதெல்லாம் ஆண்டுதோறும் மாறலாம். பிப்ரவரி, மார்ச்சில் பிடித்ததை உயிரோடு விட வேண்டும் என்பது விதி. ஈட்டி பாய்ந்த மீனை எங்கே உயிரோடு விடுவது? முதல் ஆண்டு பாஸை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். பொல்லாக்கும் வளமாக இல்லை. 2024க்கு ஐசிஇஎஸ் என்னும் பன்னாட்டுக் கடல் ஆய்வு அறிவியல் குழு இந்தக் கடற்பகுதிக்குத் தந்த பரிந்துரை பூஜ்யப் பிடிப்பு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அரசு மீன்வள அமைப்பான இன்லேண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்தின் அன்றைய விதியைப் படியுங்கள், விதி எத்தனை அனுமதித்தாலும் இரண்டோடு நிறுத்துங்கள். ஏஞ்சல் சுறா, பெரிய ஸ்கேட் திருக்கை, சாதாரண விலாங்கு ஆகியவற்றையும் தொடக்கூடாது.

கூண்டு வைத்துச் சிங்கிறால் பிடிக்கும் உள்ளூர் மீனவர்களுக்கு, சூட் போட்டவர் யாரைக் கண்டாலும் திருட்டுச் சந்தேகம் வரும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கூண்டு மிதவைகளிலிருந்து தள்ளியே இருங்கள், துறையில் ஏறியதும் மீன் கோர்த்த கம்பியை மறைக்காமல் கையில் பிடித்து வாருங்கள். அயர்லாந்தில் தனியார் நிலத்தைக் கடக்கும் பொது உரிமை கிடையாது. வயல் வழியே போக வேண்டுமென்றால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

எதிர்ப்படுபவற்றில் சீல் நிச்சயம். சாம்பல் சீலின் ஆண் 300 கிலோ வரை இருக்கும். பின்னால் வந்து காலில் மாட்டிய ஃபின்னைக் கடித்து இழுப்பதும், இடுப்பில் தொங்கும் மீனைப் பறிப்பதும் அதற்குப் பழக்கம். அதனால் மீனை உடம்பில் கட்டாதீர்கள், மிதவையில் கட்டுங்கள். சீல் நெருங்கினால் மீனை மிதவையின் மேலே ஏற்றி வைத்துவிட்டு இடம் மாறுங்கள். ஈட்டியைக் காட்டி மிரட்டுவது குற்றம், 1976 காட்டுயிர்ச் சட்டம் சீலைக் காக்கிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அவை குட்டி போடும் குகைகள், கூழாங்கல் கரைகள் பக்கம் போகவே வேண்டாம். கடித்துத் தோல் கிழிந்தால் மருத்துவரிடம் சீல் கடி என்று சொல்லுங்கள். அந்தத் தொற்றுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது, டாக்சிசைக்ளின் வகை வேண்டும்.

வசந்தத்திலும் கோடையிலும் பாஸ்கிங் சுறா வரலாம். பத்து மீட்டர் நீளம், அகலத் திறந்த வாய், உணவு நுண்ணுயிர் மட்டும். அக்கில் தீவின் கீம் குடாவில் 1947 முதல் 1975 வரை 12,000க்கும் மேல் கொல்லப்பட்டன. 2022 அக்டோபரில்தான் அயர்லாந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. துப்பாக்கியின் ரப்பரைத் தளர்த்திவிட்டு அசையாமல் மிதந்து பாருங்கள், வாலுக்குப் பின்னால் போகாதீர்கள். தனியாகத் திரியும் டால்ஃபினை நட்பென்று நம்ப வேண்டாம். கிளேரின் டூலின் பக்கம் டஸ்டி என்று பெயர் வாங்கிய டால்ஃபின் 2013இல் நீந்தியவர்கள் பலரைக் காயப்படுத்தியது.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் வகைகளில் லயன்ஸ் மேன்தான் கொடியது. ஐரிஷ் கடலில் கோடை முழுவதும். உடல் தள்ளிப் போனாலும் நூல் போன்ற இழைகள் பல மீட்டர் பின்னால் வரும், உதடும் கன்னமும்தான் மாட்டும். கடல்நீரால் கழுவுவதும் ஐஸ் வைப்பதும் விஷத்தைக் கூட்டும் என்று கால்வே பல்கலைக்கழக ஆய்வு 2017இல் காட்டியது. வினிகர் ஊற்றி இழைகளை அகற்றி, 45 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம். ஆகையால் காரில் ஒரு பாட்டில் வினிகரும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் இருக்கட்டும். மணலில் புதைந்திருக்கும் வீவர் மீனின் முள்ளுக்கும் வெந்நீரே மருந்து.

தனியாகப் போகாதீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்; குளிரில் அது ஏன் இன்னும் கூர்மையாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நடுங்கும் உடல் ஆக்சிஜனைக் கூடுதலாகச் செலவிடுகிறது, வழக்கமான ஒன்றரை நிமிடம் இங்கே ஒரு நிமிடம்கூட ஆகாமல் போகலாம். மயக்கம் பெரும்பாலும் அடியில் வருவதில்லை. மேலேறும் கடைசி சில மீட்டரில், அழுத்தம் குறைந்து நுரையீரலின் ஆக்சிஜன் அழுத்தமும் சரியும்போது வருகிறது, மேலே வந்த பிறகும் வரும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. வந்தவர் முகத்தை 30 வினாடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல் இரு மடங்காவது மேலே ஓய்வு. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுக்கக் கூடாது. குளிர் சிறுநீரைக் கூட்டும், உடல் வறண்டு கெண்டைக்கால் பிடிக்கும். இறங்குமுன் அரை லிட்டராவது குடியுங்கள். கோடையில் இரண்டரை மணி நேரம், வசந்தத்தில் ஒன்றரை, அதற்கு மேல் வேண்டாம். ஏறிய பிறகும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், நடுக்கம் நிற்கும் முன் காரை எடுக்காதீர்கள். ஆபத்தென்றால் 112 அல்லது 999, கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள். கையில் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல்.

மீன் கையில் வந்ததும் கண்ணுக்குச் சற்று மேலே பின்பக்கமாகக் கத்தி முனையை இறக்கி மூளையைக் குத்துங்கள், செவுளை வெட்டி ரத்தம் வடியவிடுங்கள். பொல்லாக் சதை சீக்கிரம் குழைந்துவிடும், ஒரு மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும். குடலை அன்றே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அனிசாகிஸ் புழு மீன் செத்த பிறகு சதைக்குள் நகரும். நன்றாக வேகவைத்தால் சாகும், பச்சையாகவோ ஊறவைத்தோ சாப்பிடுவதென்றால் சதையின் நடுப்பகுதி மைனஸ் 20 டிகிரியை எட்டி 24 மணி நேரம் இருக்க வேண்டும், வீட்டு ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். குழம்பில் நேரே போட்டால் உதிர்ந்துவிடும். துண்டுகளில் உப்பைத் தூவி இருபது நிமிடம் வைத்து, விட்ட நீரைத் துடைத்துவிட்டுப் போட்டால் துண்டு நிற்கும்.